முப்பத்தெட்டாவது கட்டு

சண்முகவடிவு கேட்டது சாதாரணக் கேள்விதான்.

"எங்கேயிருந்து தொடங்கலாம் ஐயா?"

மேசை மேல் முப்பத்தேழு கேஸ் கட்டுகள் இருந்தன. எல்லாம் துப்புக் கிடைக்காமல் மூடி வைத்தவை. அவற்றை வருஷவாரியாக அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் செத்தவர் பெயரை எழுதி ஒட்டியிருந்தாள். மாவட்டத்தில் பழைய வழக்குகளுக்கென்று தனிப் பிரிவு தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. அதற்கு அவள்தான் இன்ஸ்பெக்டர்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் வேதமாணிக்கம். இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றுப் பதின்மூன்று வருஷம் ஆகிறது. அவர் வேலையில் இருந்தவரை ஒரு கொலை வழக்குகூட முடியாமல் நின்றதில்லை என்று பேர். ஓய்வுக்குப் பிறகு எத்தனையோ எஸ்.பி.க்கள் ஆள் அனுப்பி யோசனை கேட்டார்கள். ஒருவருக்கும் அவர் வாசல் கதவைத் திறந்ததில்லை. இந்தப் பிரிவு தொடங்கிய செய்தியைப் பேப்பரில் யாரோ படித்துச் சொல்ல, பஸ் ஏறித் தானாக வந்து சேர்ந்தார்.

வடிவுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் அவர். இருபத்திரண்டு வயதில் கான்ஸ்டபிளாக அவர் நிலையத்துக்கு வந்தவளை, பிணத்தின் முன்னால் முகம் திருப்பாமல் நிற்கப் பழக்கினார். எஸ்.ஐ. பரீட்சை எழுத வைத்தார். இப்போது அவளுக்கு நாற்பத்தேழு. டி.எஸ்.பி. பதவி உயர்வுப் பட்டியலில் அவள் பெயர் மூன்றாவதாக இருந்தது.

வேதமாணிக்கம் கட்டுகளைத் தொடவில்லை.

"முப்பத்தெட்டாவதுலேருந்து தொடங்கலாம்" என்றார்.

"முப்பத்தேழுதான் ஐயா இருக்கு."

சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினார். அதில் கோணல்மாணலாக, பெரிய எழுத்தில், 114/99 என்று எழுதியிருந்தது.

வடிவுக்கு அந்த எண் மறக்கவில்லை. மேலக்கரிசல். கிராமத்து நர்ஸ் சுகந்தி. தோட்டத்துப் பம்ப்செட் அறையில் கழுத்தை நெரித்துப் போட்டிருந்தார்கள்.

"இது துப்புக் கிடைக்காத கேஸ் இல்லையே ஐயா. நாலே நாள்ல நீங்க முடிச்ச கேஸ். ஆயுள் தண்டனை ஆச்சு. உங்களுக்குப் பதக்கம் குடுத்தாங்க."

"ஆமா."

"ஆளும் செத்துட்டான்."

"ஆறாவது வருஷம். ஜெயில் ஆஸ்பத்திரியில."

அவர் சீட்டைத் திரும்ப வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"கட்டை எடுத்துக்கிட்டு வா. எனக்குக் கண்ணு போய்க்கிட்டிருக்கு வடிவு. நேரே பார்த்தா இருட்டு, ஓரத்துல மட்டும் கொஞ்சம் தெரியுது. ஒரு வருஷம் தாங்கினா பெரிசுன்னு டாக்டர் சொல்லிட்டார். நீதான் படிச்சுக் காட்டணும்."

கட்டைத் தேடி எடுக்க இரண்டு நாள் ஆயிற்று. கயிறு இற்றுப்போய், ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. வடிவு அதைப் பிரித்து மேசையில் வைத்தாள்.

"எதைப் படிக்கட்டும் ஐயா?"

"சங்கிலி எடுத்த மகஜரைப் படி."

கொலைகாரன் ஒரு பொருளை எடுத்துக் கொடுத்தால், எடுத்த இடத்திலேயே சாட்சிகளை வைத்துக்கொண்டு எழுத வேண்டிய தாள் அது. அந்த ஒரு தாளில்தான் அந்த வழக்கே நின்றது. வடிவு படித்தாள்.

"'எதிரி மாடக்கண்ணு எங்களை அழைத்துச் சென்று, ஊருக்குத் தெற்கே உள்ள பாழுங்கிணற்றின் நான்காவது படிக்கல்லுக்கு அடியிலிருந்து மேற்படி சுகந்தியின் தாலிச் சங்கிலியைத் தானே எடுத்து...'"

நிறுத்தினாள். எழுத்து குண்டு குண்டாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் எழுத்தைப் போல இருந்தது. ஒரு அடித்தல்கூட இல்லை.

"எங்கே வச்சு எழுதினது?" என்று வேதமாணிக்கம் கேட்டார்.

"சம்பவ இடம்னு போட்டிருக்கு."

"போட்டிருக்கிறதைக் கேட்கலை."

மின்விசிறி கிறீச்சிட்டுச் சுற்றியது. பக்கத்து அறையில் யாரோ போனில் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஸ்டேஷன்ல. ரைட்டர் மேசையில. நீங்க சொன்னீங்க, நான் எழுதினேன்."

"அப்ப சங்கிலி எங்கே இருந்துச்சு?"

"உங்க மேசை டிராயர்ல."

"எத்தனை நாளா?"

"ரெண்டு நாளா. பம்ப்செட் ரூம்ல பிணத்துக்குப் பக்கத்துலயே கிடந்துச்சு." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எந்த ஸ்டேஷன்ல ஐயா இது நடக்கலை? ஆள் இவன்தான்னு தெரியும். கோர்ட்ல கேஸ் நிக்கணும்னு..."

"இவன்தான்னு எப்படித் தெரியும்?"

"ஒத்துக்கிட்டானே."

"எத்தனாவது நாள்?"

"மூணாவது நாள்."

"முதல் ரெண்டு நாள்?"

அந்த இரண்டு நாளும் அவள் முன்னறையில் உட்கார்ந்திருந்தாள். ரேடியோவைச் சத்தமாக வைக்கச் சொல்லியிருந்தார்கள். வைத்திருந்தாள்.

"நான் அவன்மேல கை வைக்கலை வடிவு" என்றார் வேதமாணிக்கம். "வைக்கச் சொன்னேன்."

மறுநாள் காலை ஜீப்பில் ஊசிப்பாறைக்குப் போனார்கள். மேலக்கரிசலிலிருந்து பத்து மைல் தள்ளி இருக்கிற ஊர். கொம்பையா என்பவரின் வீட்டை விசாரித்துப் போனபோது அவர் செத்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. மனைவி இசக்கியம்மாள் முற்றத்தில் மிளகாய் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு வேதமாணிக்கத்தைப் பார்த்தாள்.

"நீங்க அந்த மீசைக்கார இன்ஸ்பெக்டர்தான?"

"மீசை போயிட்டு. ஆள் நான்தான்."

"இப்ப எதுக்கு வந்திருக்கீக?"

"அன்னைக்கு உங்க வீட்டுக்காரர் சொல்ல வந்ததைக் கேட்டுட்டுப் போகலாம்னு."

அவள் கொஞ்ச நேரம் மிளகாயைக் கிளறினாள். பிறகு நிமிராமலேயே சொன்னாள்.

"அந்த நர்சம்மா செத்தது செவ்வாக்கிழமை மத்தியானம். மாடக்கண்ணு அன்னைக்கு விடியமுன்ன எங்க கிணத்த ஆழமா வெட்ட உள்ள இறங்கினான். அறுபது அடி. வெட்டிக்கிட்டு இருக்கையில தூக்குற வடம் அந்துபோச்சு. டவுன்ல போயி புது வடம் வாங்கியாந்து அவனை மேல தூக்கும்போது பொழுது சாஞ்சிட்டு. மத்தியானக் கஞ்சியச் சின்னக் கயித்துல கட்டி நான்தான் இறக்கிவிட்டேன். உள்ள இருந்துக்கிட்டு, 'உப்பு பத்தலை அக்கா'ன்னு சொன்னான்."

வடிவு நோட்டை விரித்தாள். எழுதவில்லை.

"எங்க வீட்டுக்காரக மூணு தரம் உங்க ஸ்டேஷனுக்கு வந்தாக. மொதத் தரம் ஐயா இல்லைன்னு ஒரு பொம்பளப் போலீசு அனுப்பிட்டாளாம். ரெண்டாந்தரம் வாசல்லயே நிக்க வச்சு அனுப்பிட்டீக. மூணாந்தரம், கூட்டாளின்னு உன்னையும் உள்ள தள்ளிருவேன்னு சொன்னீக. வந்து பாயில விழுந்தவுக ஒரு வாரம் எந்திரிக்கலை. கோர்ட்டுக்குப் போகவும் தைரியம் இல்லை. சாகுற வரைக்கும் அந்தக் கிணத்துத் தண்ணியக் குடிக்கலை."

ஜீப்புக்குத் திரும்பும்போது வடிவு சொன்னாள், "அந்தப் பொம்பளப் போலீஸ் நான்தான் ஐயா."

"தெரியும்."

"நீங்க வெளியே போயிருந்தீங்க. நிஜமாவே அன்னைக்கு நீங்க இல்லை."

"நான் இருந்திருந்தாலும் இல்லைன்னு சொல்லச் சொல்லியிருப்பேன்" என்றார் அவர்.

மாடக்கண்ணுவின் மகள் பேச்சித்தாய் டவுனில் ஒரு கல்யாண மண்டபத்தில் சமையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனபோது அவளுக்கு ஒன்பது வயது. தீர்ப்பு வந்த அன்று ஊரில் அவர்கள் வீட்டைக் கொளுத்திவிட்டார்கள். தாயும் மகளும் கட்டின துணியோடு வெளியேறினார்கள். தாய் அதற்குப் பிறகு நெடுநாள் பிழைத்திருக்கவில்லை.

மண்டபத்தின் பின்கட்டில் கத்தரிக்காய் மலைபோலக் குவிந்து கிடந்தது. ஐந்தாறு பெண்கள் அதைச் சுற்றி உட்கார்ந்து அரிந்துகொண்டிருந்தார்கள். யூனிஃபார்மைப் பார்த்ததும் மற்றவர்கள் எழுந்து நகர்ந்தார்கள். பேச்சித்தாய் எழவில்லை.

வேதமாணிக்கம் அவளுக்கு எதிரே, ஈரத் தரையில் மெல்ல உட்கார்ந்தார்.

"உங்க அப்பாவைப் பிடிச்சது நான்தான். வேதமாணிக்கம்."

"தெரியுது."

"அவர் கொலை செய்யலைம்மா."

அரிவாள்மணையில் காய் இரண்டாகப் பிளந்து தண்ணீரில் விழுந்தது. அடுத்த காயை எடுத்தாள்.

"இதை எனக்குச் சொல்லவா வந்தீங்க?"

"ஆமா."

"எனக்கு எப்பவும் தெரியும். எங்கம்மாவுக்கும் தெரியும். நீங்க வந்து சொல்லித்தான் எங்களுக்குத் தெரியணுமா?"

வேதமாணிக்கம் தலை குனிந்தார். வடிவு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பேச்சித்தாய் அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க. அந்த ஊர் முக்குல நின்னு சொல்லுங்க. என்கிட்டச் சொல்லிட்டு நீங்க நிம்மதியாப் போய்ப் படுத்துக்கிடலாம்னு பார்க்கீங்களா?"

அவர் கையை ஊன்றி எழ முயன்றார். முடியவில்லை. வடிவு தூக்கிவிட்டாள். வேட்டியின் பின்பக்கம் முழுக்க ஈரமும் கத்தரிக்காய்க் காம்புமாக இருந்தது. அவர் அதைத் தட்டிவிடவில்லை.

"மேலக்கரிசலுக்கு விடு" என்றார் டிரைவரிடம்.

"இப்பவேவா ஐயா?" என்றாள் வடிவு. "எஸ்.பி.கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு..."

"சொன்னா விடுவாரா?"

வடிவு ஏறிக்கொண்டாள்.

சுகந்தியின் புருஷன் லிங்கத்துரை மேலக்கரிசல் பஸ் நிறுத்தத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். அறுபத்தைந்து வயதுக்கு வாட்டசாட்டமாக இருந்தார். மறுமணம் செய்துகொள்ளவில்லை. கடைச் சுவரில், மாலை போட்ட படத்தில், நர்ஸ் உடுப்பில் சுகந்தி சிரித்துக்கொண்டிருந்தாள். வேதமாணிக்கத்தைக் கண்டதும் கல்லாவை விட்டு ஓடி வந்தார். இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"ஐயா! இம்புட்டு வருஷம் கழிச்சு... உட்காருங்க ஐயா. நீங்க இல்லைன்னா அன்னைக்கு நான் என்ன ஆகியிருப்பேனோ. டேய், ஐயாவுக்குக் கலர் ஒடைச்சுக் குடு."

கடைக்கு வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். எதிரே டீக்கடையிலிருந்தும் நாலைந்து பேர் எழுந்து வந்தார்கள். ஊர்க்காரர்களில் பாதிப் பேருக்கு அவரை அடையாளம் தெரிந்தது.

வேதமாணிக்கம் கைகளை விடுவித்துக்கொண்டார். எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

"லிங்கத்துரை, உன் பெண்டாட்டியை மாடக்கண்ணு கொல்லலை. அன்னைக்கு அவன் ஊசிப்பாறையில கிணத்துக்குள்ள இருந்தான். அதைச் சொல்ல வந்த ஆளை நான் விரட்டிவிட்டேன். சங்கிலியை அவன் எடுத்துக் குடுத்ததாப் பொய்யா எழுத வச்சேன். அடிச்சு ஒத்துக்க வச்சேன்."

லிங்கத்துரை சிரிப்பு மாறாத முகத்தோடு நின்றார். சொன்ன சேதி அவருக்குள் இன்னும் போய்ச் சேரவில்லை என்று வடிவுக்குத் தோன்றியது. பிறகு அந்த முகம் மெல்ல மெல்லக் கோணியது.

"அப்ப நான் கொளுத்தினது யார் வீட்டை?"

கூட்டத்தில் சிலர் தரையைப் பார்த்தார்கள். அன்று மண்ணெண்ணெய் தூக்கிக்கொண்டு கூடப் போனவர்களாக இருக்கலாம்.

"அந்தப் பொம்பள என் காலைப் பிடிச்சா. பிள்ளை உள்ள படுத்திருக்கு, எடுத்துக்கிடுதேன்னு கெஞ்சினா. எடுத்துக்கிட்டுப் போடின்னு சொன்னேன். கரையேறிட்டேன்னு நெனச்சேன் ஐயா அன்னைக்கு. சுகந்திக்குச் செய்ய வேண்டியதைச் செஞ்சுட்டேன்னு நெனச்சேன்."

மூச்சு வாங்கினார்.

"அப்ப யாரு? என் சுகந்தியக் கொன்னது யாரு?"

"தெரியாது" என்றார் வேதமாணிக்கம்.

லிங்கத்துரை அவரை அறைந்தார். கண்ணாடி தெறித்துப் போய்ச் சாலையில் விழுந்தது. இரண்டாவது அறைக்குக் கை ஓங்கியபோது வடிவு நடுவில் பாய்ந்தாள். வேதமாணிக்கம் அவள் தோளைப் பிடித்து விலக்கினார்.

"நீ தள்ளி நில்லு."

மூன்று அறை வாங்கினார். நாலாவதுக்குக் கை எழவில்லை. லிங்கத்துரை அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார்.

ஜீப் ஊரைத் தாண்டியது. வேதமாணிக்கத்தின் உதட்டில் ரத்தம் காய்ந்திருந்தது. உடைந்த கண்ணாடியை மடியில் வைத்திருந்தார். வடிவு அவர் பக்கம் திரும்பினாள்.

"என்ன ஐயா பண்ணிட்டீங்க? இருபத்தஞ்சு வருஷமா அந்த மனுஷனுக்கு ஒரு பதில் இருந்துச்சு. தப்போ சரியோ, அதை வச்சுக்கிட்டு உயிரோட இருந்தார். இன்னைக்கு அதையும் பிடுங்கிட்டோம். செத்தவன் திரும்பி வரப் போறதில்லை. கொன்னவன் யாருன்னும் தெரியலை. இதுல யாருக்கு என்ன கிடைச்சுது?"

அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு என்ன தெரிந்ததோ.

"கொன்னவன் இருக்கானா செத்தானா தெரியாது" என்றார். "இருந்தான்னா, நேத்து வரைக்கும் அவனைத் தேட ஒரு நாதி இல்லை. தேடாம நான் பார்த்துக்கிட்டேன். இன்னைக்குச் சாயங்காலம் சேதி அவன் காதுக்குப் போகும். சோறு இறங்காது."

கொஞ்ச தூரம் போனபின் மறுபடி சொன்னார்.

"கேஸ் இன்னைக்குத்தான் ஆரம்பிச்சிருக்கு."

மறுநாள் காலை எஸ்.பி. வடிவைக் கூப்பிட்டு அனுப்பினார். கேஸ் கண்டுபிடிக்க வந்தவர், இருந்த கேஸையும் தொலைத்துவிட்டாரே என்று கத்தினார். பேப்பர்காரர்கள் வாசலில் நிற்கிறார்களாம். மாடக்கண்ணு வழக்கை மறுபடி விசாரிக்காமல் இனி முடியாது என்றார். கிழவரிடம் ஒழுங்காக ஒரு வாக்குமூலம் வாங்கி மேசைக்கு அனுப்பச் சொன்னார். அவள் எழுந்திருக்கும்போது, "நீங்க அப்ப அதே ஸ்டேஷன்லதான இருந்தீங்க?" என்று கேட்டார்.

"ஆமா சார். புதுசா வந்த கான்ஸ்டபிள்."

"நல்லவேளை" என்றார் எஸ்.பி.

அறைக்குத் திரும்பியபோது வேதமாணிக்கம் காத்திருந்தார். கன்னம் வீங்கியிருந்தது. வடிவு தாளை எடுத்துத் தேதி போட்டாள். அவர் பெயர், வயது, தகப்பனார் பெயர் சொன்னார். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொல்வதாகச் சொன்னார். பிறகு நடந்ததை ஒன்றுவிடாமல், நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பம்ப்செட் அறையில் சங்கிலி கிடந்த இடம். அது டிராயரில் இருந்த இரண்டு நாள். லாக்கப்பில் நடந்தது. அடித்தவர்கள் மூன்று பேர். மூவருமே இப்போது உயிரோடு இல்லை. அவர்கள் பெயரையும் சொன்னார். கொம்பையா வந்த மூன்று தேதிகளையும் சொன்னார். இத்தனை வருஷமும் அவற்றை மனப்பாடமாக வைத்திருந்திருக்கிறார்.

வடிவு எழுதிக்கொண்டே வந்தாள். அவள் எழுத்து இப்போது ஒல்லியாக, சாய்ந்து போய்விட்டது. பழைய எழுத்தோடு ஒப்பிட்டால் ஒரே கை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

"அந்த மகஜர் சம்பவ இடத்தில் எழுதப்பட்டதல்ல" என்றார் வேதமாணிக்கம். "நிலையத்தில், ரைட்டர் மேசையில், நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது."

எழுதினாள். அவர் அடுத்த விஷயத்துக்குப் போகவில்லை.

பேனா தாளின்மேல் நின்றது. பழைய கட்டு திறந்தபடி பக்கத்திலேயே கிடந்தது. அந்தத் தாளில் எழுதியவர் பெயர் போடும் வழக்கம் அப்போது இல்லை. அன்று அந்த மேசையைச் சுற்றி நின்றவர்களில் இன்று உயிரோடு இருப்பது இந்த அறைக்குள் இருக்கிற இரண்டு பேர்தான். ஒருவர் கண்ணால் இனி எந்தத் தாளையும் படிக்க முடியாது.

"எழுதினது யார்னு நீங்க சொல்லலையே ஐயா."

வீங்கிய கன்னத்தை அவர் தடவிக்கொண்டார்.

"அதையும் சொல்லிடுங்க" என்றாள். "நீங்க சொன்னா எழுதிடுறேன்."

வேதமாணிக்கம் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"நான் சொல்லி நீ எழுதினது ஒரு தடவை போதும் வடிவு."